மூக்கு என்று கூப்பிட்டால் திரும்பாதே

பாப்பா,

இருபத்தாறு வயதுப் பெண்ணைப் பாப்பா என்று எழுதுகிறேனே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். உன் ஆராய்ச்சியும் பட்டமும் உன் பல்கலைக்கழகத்தோடு. திருவொற்றியூரில் இந்த வீட்டுப் படியேறி வந்துவிட்டால் நீ பாப்பாதான். முந்தாநாள் காலையில் சென்ட்ரலில் உன்னை ரயில் ஏற்றிவிட்டு வந்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பிளாட்பாரத்தில் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன், பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளினேன், ஜன்னல் ஓரம் நின்றேன், அவ்வளவுதான். "இன்னா நைனா, கோவமா கீறியா?" என்று கேட்டாய். இல்லையென்று தலையாட்டினேன். கோபம்தான். ஆனால் உன்மேல் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் நடுவில் எங்கேயாவது பேச்சை மாற்றிவிடுவேன். இருபது வருஷமாக மாற்றிப் பழகிய வாய் இது. எழுத உட்கார்ந்தால் தப்பிக்க வழியில்லை. உங்கம்மா மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போயிருக்கிறாள், வருவதற்குள் பாதியாவது எழுதிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோமே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கம்மா சுறாப்புட்டு வைத்திருந்தாள். நீ இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டு உங்கள் லேப் கதையைச் சொன்னாய். "ஃப்ரிட்ஜுல ஒரு பாட்டில் நைனா, லேபிள் வுயுந்து போச்சு. உள்ள இன்னா கீதுன்னு ஒருத்தருக்கும் தெர்ல. நான் மூடியத் தொறந்து ஒரே ஒரு மோப்பம். கரெக்டா சொல்ட்டேன். அதுலர்ந்து லேப்ல என் பேரே மூக்குதான்." உங்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பன் பேரு பொண்ணுக்கு வந்துட்ச்சு, பாருய்யா," என்றாள். நீ சிரித்துக்கொண்டே கையை நீட்டி அப்பளம் எடுத்தபோதுதான் உன் மணிக்கட்டில் அந்தத் தழும்பைப் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, இன்னும் சிவப்பு மாறாமல். என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுல்ல, ஒரு துளி பட்டுது, கழுவிட்டேன். கைடுகிட்ட சொன்னா பேஜாரு, அத்தோட வுட்டுட்டேன்," என்றாய். எப்போது நடந்தது என்றேன். முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்குத்தான் லேபில் யாரும் இருக்கமாட்டார்கள், அமைதியாக வேலை ஓடும் என்றாய். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். மிளகாய் கடித்துவிட்டேன் என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டீர்கள். என்னைக் கடித்தது அந்தப் பேர்.

ஆலையில் எனக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். பெருமையாகப் பலதடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் பெருமையான பாதியை மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். எண்ணூர் போகிற வழியில் இருந்த அந்த ரசாயன ஆலையில், கழிவுநீர் வந்து சேர்வதற்குத் தரைக்குக் கீழே ஒரு குழி உண்டு. அதற்குள் ஒரு பம்ப். பம்ப் அடிக்கடி நின்றுவிடும், நின்றால் ஃபிட்டர் ஏணியில் இறங்கிப் பார்க்க வேண்டும். குழிக்குள் அழுகிய முட்டை நாற்றத்தில் ஒரு வாயு சேரும், ஆளைக் கொல்லக்கூடியது. இறங்குவதற்கு முன்னால் வாயு இருக்கிறதா என்று பார்க்க ஒரு மீட்டர் இருந்தது. எங்கே இருந்தது தெரியுமா? ஷிப்ட் ஆபீஸ் அலமாரியில், பூட்டி. சாவி ஒருவரிடம், கையெழுத்து போடவேண்டிய ரிஜிஸ்டர் இன்னொருவரிடம். அதை வாங்கிக்கொண்டு வருவதற்குள் அரைமணி நேரம் போய்விடும். அதனால் எங்கள் ஷிப்டில் ஒரு பழக்கம்: "மூக்கக் கூப்புடு." நான் வந்து குழி ஓரத்தில் குனிந்து இரண்டு தடவை மூச்சை இழுப்பேன். "எறங்கு" என்றால் இறங்குவார்கள், "வேணா" என்றால் டீ குடிக்கப் போவார்கள். எந்த வால்வு கசிகிறது, எந்த டிரம்மில் என்ன இருக்கிறது, எல்லாம் மூக்காலேயே சொல்வேன். புதிதாக வந்த இன்ஜினீயர்கூட என்னைத் தேடி வருவார். எட்டாவது படித்தவனுக்கு வேறென்ன வேண்டும், சொல்.

அந்தத் திமிரில்தான் உனக்கும் அந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தேன். உன் கண்ணை என் கர்ச்சீப்பால் கட்டிவிட்டு, அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மூக்குக்கு நேராக நீட்டுவேன். சோம்பு, பட்டை, வெந்தயம், ஏலக்காய் என்று நாலு வயதிலேயே ஒன்றுவிடாமல் சொல்வாய். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். நீ இன்றைக்கு வேதியியல் படிக்கிறாய் என்றால் அதில் அந்த விளையாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பாட்டிலைத் திறந்து மோந்து பார் என்று உனக்கு வேறு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இனி மறைத்த பாதி. உனக்கு ஐந்து வயது முடிந்து ஆறு நடக்கும்போது, ஒருநாள் உங்கம்மா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தவள், வாசலிலிருந்தே கத்தினாள். "சோறு தீயுது, அடுப்பாண்டதான குந்திகினு கீற, மூக்கு இன்னா அடகு வெச்சிட்டியா?" வீடு முழுக்கப் புகை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜலதோஷம் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆகியும் சரியாகவில்லை. யாருக்கும் தெரியாமல் சோப்பை மோந்து பார்த்தேன், மண்ணெண்ணெயை மோந்து பார்த்தேன், கருவாட்டுக் கூடையில் முகத்தையே வைத்துப் பார்த்தேன். வெறும் காற்று. அத்தனை வருஷம் கண்டதையெல்லாம் இழுத்து இழுத்து மூக்கு செத்துப்போயிருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆலை டாக்டர் கேட்டார், நல்லாயிருக்கிறேன் என்றேன். வேலை போய்விடும் என்ற பயமா என்று கேட்காதே. வேறு பக்கம் மாற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். வெட்கம், பாப்பா. மூக்கு என்று பேர் வாங்கியவனுக்கு மூக்கு போய்விட்டது என்று கேண்டீனில் சிரிப்பார்களே என்ற வெட்கம். அதற்காக ஒரு வித்தை கண்டுபிடித்தேன். குழி ஓரத்தில் குனியும்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவர்கள் முகம் சுளித்தால் "வேணா" என்பேன். சுளிக்காவிட்டால் "எறங்கு." சில மாதம் அப்படியே ஓட்டினேன்.

காதர் மாமாவை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பக்ரீத்துக்கு வண்ணாரப்பேட்டையிலிருந்து தூக்கு நிறைய பிரியாணி கொண்டுவருகிறவன், நம் மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, "உங்க படி வளந்துகினே போவுது பாப்பா, உங்கப்பனாண்ட சொல்லி வெட்டச் சொல்லு," என்று உன்னைச் சிரிக்க வைக்கிறவன். சின்ன வயதில் நீ படியில் உட்கார்ந்துகொண்டு அவன் எத்தனை தடவை நிற்கிறான் என்று எண்ணுவாய். அவன்தான் எங்கள் ஷிப்டின் ஃபிட்டர். அந்த நாட்களில் அவன் ஏணியில் ஓடி ஏறுவான்.

ஒருநாள் காலை பதினோரு மணி இருக்கும், பம்ப் நின்றுவிட்டது. காதர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வந்தான். யாரும் கட்டமாட்டோம், ரூல் புத்தகத்தில் மட்டும்தான் கயிறு உண்டு. எல்லோரும் அவனை ஓட்டினார்கள். என் குரல்தான் எல்லாரையும்விடப் பெரிது. "இன்னாடா, மாட்ட கட்டி இட்டாந்த மாறி வர்ற," என்றேன். அவன் கோபப்படவில்லை. "எங்கூட்டுல சொல்லிகீறா மாமு. கவுறு இல்லாம எறங்குனா சோறு கெடையாதாம்," என்றான். சிரித்தபடியே எல்லோரும் குழியைவிட்டு நாலு அடி தள்ளி, கடல் காற்று வருகிற பக்கமாக நின்றுகொண்டிருந்தார்கள். நான் குனிந்து இரண்டு தடவை இழுத்தேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். எல்லார் முகத்திலும் சிரிப்பு, ஒருவரும் சுளிக்கவில்லை. காற்று வாடையை அவர்களுக்கு எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது என்று எனக்கு உறைக்கவில்லை. "இன்னா மாமு, எறங்கலாமா?" என்று காதர் கேட்டான். தெரியல என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. "எறங்கு" என்றேன்.

ஆறு படி இறங்கினான். ஏழாவது படியில் அவன் தலை சாய்ந்தது. கூப்பிடக்கூட இல்லை, துணி நழுவுகிற மாதிரி கீழே போனான். நான் குழிக்குள் குதிக்கப் போனேன். ஃபோர்மேன் பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஒன்று விட்டார். "நீயும் போனா ரெண்டு பொணம்டா. கவுத்த இஸ்து." நாலு பேர் சேர்ந்து அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தோம். நான் கேலி செய்த கயிறு. மேலே வந்தபோது அவன் உதடு நீலமாக இருந்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் நெஞ்சு பழையபடி ஆகவில்லை. மறுபடி ஆலைக்கு வரவில்லை, அண்ணன் துணிக்கடையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு நம் படி வளர்ந்துகொண்டே போவது என்னால்தான். 

விசாரணைக்கு வந்த அதிகாரி யார் சோதித்துப் பார்த்தது என்று கேட்டார். காதர் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து, "திடீர்னு வந்துச்சு சார், யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது," என்று சொல்லிவிட்டான். அவர் போன பிறகு என்னைப் பார்த்து, "மோந்தியா மாமு?" என்று மட்டும் கேட்டான். "மோந்தேன்டா, ஒண்ணும் வர்ல," என்றேன். பார், ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, ஆனாலும் இதைவிடப் பெரிய பொய் நான் சொன்னதில்லை. அதற்குப் பிறகு நான் குழிப்பக்கம் போகவில்லை, தலைசுற்றுகிறது என்று எழுதிக்கொடுத்து ஸ்டோருக்கு மாற்றிக்கொண்டேன். ஆனால் பேரை விடவில்லை. தெருவில் வாடை அடித்து எல்லோரும் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தினால், அவர்களைப் பார்த்து நானும் பொத்துவேன். நீ முதல் உதவித்தொகையில் மண்ணடியில் அத்தர் வாங்கிவந்து என் கையில் தடவினாயே, கண்ணை மூடிக்கொண்டு ஆகா என்றேனே, எனக்கு அதுவும் தண்ணீரும் ஒன்றுதான். அஞ்சறைப் பெட்டி விளையாட்டில் மூக்கு போனபிறகு உன் கண்ணை மட்டும்தான் கட்டினேன், என் கண்ணை ஒருநாளும் கட்டவிட்டதில்லை. நீ அடம்பிடித்து அழுதிருக்கிறாய், "ஒரே ஒரு வாட்டி நைனா" என்று. நான் திட்டிவிட்டு எழுந்துபோவேன். இப்போது காரணம் தெரிகிறதா. குழந்தையாக இருந்தபோது உன் உச்சந்தலையில் ஒரு வாசனை இருக்கும். அதைக் கடைசியாக எந்த நாள் மோந்தேன் என்று எனக்குத் தெரியாது. கடைசி என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்திருப்பேன்.

உங்கம்மா வந்து குழம்பும் வைத்துவிட்டாள். மதியச் சாப்பாடு முடிந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும் என்றும் தோன்றுகிறது. பால் கெட்டுவிட்டதா என்று அவள் என்னைக் கேட்டு வெகுகாலம் ஆகிறது.

உன்னை ரயில் ஏற்றிவிட்ட அன்றைக்கு நான் நேராக வீட்டுக்கு வரவில்லை. வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். காதர் கடைவாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் நிதானமாகக் கேட்டுவிட்டு, "தெரியும், குந்து," என்றான். கடைப்படியிலேயே உட்கார்ந்தேன். "ஆஸ்பத்திரில பக்கத்து பெட்டுக்காரன் வாந்தி எட்த்தான் பாரு, வார்டே மூக்க மூடிகினு வெளிய ஓட்ச்சு. நீ மட்டும் குந்திகினு பன்னு துன்னுகினு கீற. அப்பவே தெரிஞ்சிகினேன்." அப்புறம் ஏன்டா ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன். "தோஸ்துன்னு இருந்தேன். நீயே சொல்லுவேன்னு பாத்தேன்," என்றான். மூச்சு வாங்கிக்கொண்டான். "இருவது வருசம் ஆச்சு உனுக்கு." திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் கடைப் பையனிடம் எனக்கு டீ சொன்னான். கிளம்பும்போது உன் கதையைச் சொன்னேன், பாட்டிலைத் திறந்து மோந்ததை, உன் பேரை. அவன் முகம் மாறிவிட்டது. "பாப்பாவுக்கு எய்து. எம்பேரப் போட்டே எய்து. ஒளிக்காத," என்றான். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ படித்தவள். எந்த வாயு என்ன செய்யும் என்று எனக்கு நீ பாடம் எடுப்பாய். அந்தக் குழி வாயுவே கொஞ்சமாக இருந்தால்தான் நாறும், அதிகமாகிவிட்டால் முதலில் மூக்கை மரத்துப்போக வைத்துவிடும், நல்ல மூக்கும் அங்கே உதவாது என்று உன் புத்தகத்தில் இருக்கும். எங்களுக்கும் அதை வகுப்பு எடுத்துச் சொன்னார்கள், நாங்கள் பின்னால் உட்கார்ந்து வடை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். தெரியாமல் நடந்த தப்பு இல்லை அது. உனக்கும் தெரியாமல் இல்லை. லேபிள் இல்லாத பாட்டிலைத் திறக்கக்கூடாது என்று உனக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்? எல்லோரும் சுற்றி நின்று பார்க்கும்போது, உனக்குத்தான் தெரியும் என்று அவர்கள் நம்பும்போது, கை தானாக மூடிக்குப் போகும். அந்தக் கையைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். இன்றைக்கு உன் ஒரு மோப்பத்தை நம்பி நாளைக்கு உன் ஜூனியர் ஒருத்தி அதைக் கையில் எடுப்பாள். உனக்கு ஆபத்து என்பதோடு இது முடிவதில்லை. எனக்கு மூக்கோடு போயிற்று, படியில் மூச்சு வாங்கி நிற்பது காதர்தானே.

மணிக்கட்டு விஷயத்தைக் கைடிடம் சொல். திட்டுவார், திட்டட்டும். விபத்து எழுதும் நோட்டு ஒன்று இருக்குமே, அதில் உன் கையாலேயே எழுது. இன்றைக்கு மணிக்கட்டில் பட்ட துளி நாளைக்கு இன்னொரு பிள்ளையின் கண்ணில் படாமலிருக்க அந்த ஒரு வரி போதும். லேபிலிருந்து நீ அனுப்பிய போட்டோவில் மேஜைமேல் உன் டீ கிளாஸ் இருந்தது, பக்கத்திலேயே ஏதோ மஞ்சளாக ஒரு கண்ணாடிக் குடுவை. பாதுகாப்புக் கண்ணாடி போடச் சொல்லி உங்கம்மா எத்தனை தடவை சொல்வது, அது நெற்றிமேல் இருந்தது, கண்ணுக்கு அல்ல. உன் தலைமுடி வேறு அவிழ்ந்து கிடந்தது. அழகாகத்தான் இருந்தாய், இல்லையென்று சொல்லவில்லை. அழகுக்கு மெரினா இருக்கிறது, லேபில் பின்னல் போட்டுக்கொள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. தனியாக ஆபத்தான வேலை செய்யாதே, பாப்பா. காதர் இடுப்பில் கயிறு இருந்தது, அந்த முனையைப் பிடிக்க மேலே நாலு பேர் இருந்தோம். நீ அந்த லேபில் விழுந்தால் இழுக்க யார் இருக்கிறார்கள்? படிப்பு ஒரு மாதம் தள்ளிப்போகட்டும். ஒரு வருஷமே போகட்டும். யார் கேட்டாலும் எங்கப்பன் சொன்னான் என்று சொல், சிரித்தால் சிரிக்கட்டும். காதரும் அப்படித்தான் சொன்னான், எங்கூட்டுல சொல்லிகீறா என்று. நாங்கள் சிரித்தோம். அவன் உயிரோடு இருக்கிறான்.

இதைப் படித்துவிட்டு என்மேல் உனக்கு வெறுப்பு வந்தால் அது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். காதர் மாமாவுக்கு போன் செய், அவனோடு பேசியபிறகு என்னோடு பேச மனசு வந்தால் பேசு. பொங்கலுக்கு வருவாய் அல்லவா. காதரையும் வரச்சொல்லியிருக்கிறேன், நாற்காலியைக் கீழேயே போடலாம், படி வேண்டாம். அஞ்சறைப் பெட்டியை நீயே எடுத்து வா. இந்தத் தடவை என் கண்ணைக் கட்டு. உங்கம்மா முன்னால், காதர் முன்னால், ஏலக்காயை என் மூக்குக்கு நேராக நீட்டு. தெரியல பாப்பா என்று நான் சொல்கிறேன். அன்றைக்குக் குழி ஓரத்தில் சொல்லாமல் விட்டதை அப்படியாவது என் வாயால் சொல்லிவிடுகிறேன்.

நாளைக்கு யாராவது ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து மூக்கு என்று கூப்பிட்டால், நீ திரும்பாதே. தெரியல என்று சொல்லிவிடு. என்னைப் போல இருபது வருஷம் எடுத்துக்கொள்ளாதே.

உன் நைனா